வலைக்கு மேலே நின்ற மாதா

எங்கள் வீட்டில் பொருட்கள் இருந்த இடம் போக மிச்சம் இருந்த இடத்தில்தான் நாங்கள் இருந்தோம்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. ஒரு மண்டபம், ஒரு அறை, குசினி என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலை, முன்னுக்கு ஒரு துண்டு விறாந்தை. அத்திவாரம் வெட்டிக் கிடந்தபோது அது பெரிய வீடாகத்தான் தெரிந்தது. கூரை போட்டு நாங்கள் குடிபோய், எங்களுக்குப் பின்னால் எங்கள் சாமான்களும் குடிவந்த பிறகு சுருங்கிவிட்டது. முகாமில் தந்த வாளிகள், மூடியில்லாத சட்டிகள், சட்டியில்லாத மூடிகள், கிழிந்த தறப்பாள்கள், சைக்கிள் றிம், வலையின் மிதவைகள், எதற்கென்று அப்பாவுக்கே தெரியாத நைலோன் கயிறுகள். எதையாவது எறிவோமா என்று கேட்டால் அப்பா ஒரே பதில்தான் சொல்வார்: இருக்கட்டும், ஒருநாள் உதவும். விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்தபடியாக எங்கள் ஊரில் எல்லாரும் பாடமாக்கி வைத்திருந்த வசனம் அது. எங்களுடையது முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்பு என்கிற உப்பேரிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஊர். சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்த சனம். ஒரு மூடியைக்கூட எறிய மனம் வராது.

நான் அப்போது இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ. பயப்படுவதற்கு எனக்கு யாரும் காரணம் தேடித் தரத் தேவையில்லை. மேலே கட்டியிருக்கிற மிதவை தலையில் விழுமா, றிம் சரிந்து காலில் விழுமா என்று நானே ஒன்றைத் தேடிக்கொள்வேன். இப்போதும் மேசை விளிம்பில் ஒரு கோப்பை இருந்தால் உள்ளே தள்ளி வைக்காமல் என்னால் யாருடைய பேச்சையும் கேட்க முடியாது.

ஒக்ரோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். கோவிலிலிருந்து மாதா சுரூபம் புறப்பட்டு வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஓர் இரவு தங்கும். மறுநாள் பின்னேரம் அயல் எல்லாம் கூடி, செபமாலை சொல்லி, மெழுகுதிரியும் பாட்டுமாக அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சுரூபத்தைத் தூக்குவதும் மூப்பர்தான், இறக்குவதும் மூப்பர்தான். கோவில் காரியங்களை முன்னுக்கு நின்று பார்க்கிறவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் இறக்கி வைத்த இடத்திலிருந்து, திரும்ப அவர் கை வைக்கும்வரை வேறு யாரும் அசைக்கக்கூடாது. இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. அதனால் மீறவும் முடியாது.

முந்திய வருடம் மாதா எங்கள் வாசல்வரை வந்து திரும்பிப் போய்விட்டார். மூப்பர் உள்ளே எட்டிப் பார்த்தார். சனம் முழங்காலில் நிற்க இடமில்லை, சுரூபம் வைக்க ஒரு மூலையும் இல்லை. இந்தமுறை வாசலிலேயே செபிப்போம் பிள்ளை, அடுத்தமுறை உள்ளுக்கு வருவா என்று பதமாகத்தான் சொன்னார். அம்மாவுக்கு அது பதமாகப் படவில்லை. மாதாவுக்கு இடமில்லாத வீடு என்று வருடம் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். பெத்லகேமிலும் இடமில்லை என்றுதானே சொன்னவை என்று அப்பா ஒருநாள் பகிடி விட்டார். அன்றைக்கு அம்மா சாப்பாட்டுக் கோப்பையை அவர் முன்னால் வைத்த சத்தத்தில் அப்பா அந்தப் பகிடியைத் திரும்பச் சொல்லவேயில்லை.

அந்த வருடம் மழைக்கு முன்னால் சித்தப்பா வந்து சேர்ந்தார். அப்பாவின் தம்பி. நெளுக்குளத்தில் ஒரு தச்சுப் பட்டறையில் கொஞ்சக் காலம் நின்றுவிட்டு, வாள் ஒன்றோடும் அபிப்பிராயங்கள் பலவற்றோடும் திரும்பியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்து, தலையில் ஒரு மிதவை இடிபட, நின்று சுற்றிப் பார்த்தார்.

"அண்ணி, உங்களுக்குச் சாமான் கூடேல்ல. அது கண்ணுக்குத் தெரியிறதுதான் பிரச்சினை. மறைச்சாப் போதும்."

அவருடைய திட்டம் இதுதான். மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி, சுவரின் நீளத்துக்கு இடுப்பளவு உயரத்தில் பலகையால் ஒரு பெட்டி. வீட்டில் கிடக்கிற எல்லாம் அதற்குள். மேலே வெள்ளைத்துணி விரித்தால் அதுவே மாதாவுக்குப் பீடம். ஒரே அடியில் சாமானும் மறையும், மாதாவும் நிற்பா. அம்மா கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால், சித்தப்பா பிரசங்கம் வைக்கிறார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

பலகை வாங்க வேண்டியிருக்கவில்லை. அடி உக்கிய வள்ளம் ஒன்றின் பலகைகளை அப்பா வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். கொங்கிறீட் போட்டபோது தாங்கு கொடுத்த பலகைகளும் சீமெந்துப் பொருக்கோடு அப்படியே இருந்தன. உள்ளுக்கு ஈரம் ஏறாமல் இருக்கத் தறப்பாள் துண்டுகள். சின்னச் சாமான்களைப் பிரித்துப் போட, மீனுக்கு ஐஸ் அடிக்கிற ரெஜிபோம் பெட்டிகள். பிணைச்சலும் ஆணியும் வெள்ளைத்துணியும் மட்டும் புதுக்குடியிருப்பில் வாங்கினோம். ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கொடுக்கும்போதும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒருநாள் உதவும் என்று அவர் சொன்ன அந்த ஒருநாள் வந்தேவிட்டது.

கதவு விஷயத்தில்தான் இழுபறி. முன்பக்கம் கதவு வைப்பதுதான் முறை, எடுக்க வைக்க வசதி என்று சித்தப்பா. முன்னுக்குக் கதவு வைத்தால் வருகிற சனம் திறந்து பார்க்கும் என்று அம்மா. கடைசியில் அம்மா சொன்னதுதான் நடந்தது. மூடி மேலே மட்டும். சுவர்ப் பக்கம் பிணைச்சல், முன்பக்கத்தால் தூக்க வேண்டும்.

"மேல மாதா நிக்கேக்க ஆர் திறக்கப் போயினம்?" என்று அம்மா கேட்டார். அதைவிடப் பெரிய பூட்டு உலகத்தில் இல்லைத்தான்.

எனக்கு வேறு பயம். பலகை முறிந்து மாதா விழுந்துவிட்டால்? சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் மூடியின் மேல் ஏறி நின்று இரண்டு தரம் குதித்தார். மாதா என்னைவிடப் பாரமோ என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே பாவம் போல இருந்தது.

சாமான் அடுக்கும் வேலையை அம்மா தனியாகச் செய்தார். எங்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முழுப் பகல். முற்றத்துக் கொய்யாவில் காய்ந்துகொண்டிருந்த அப்பாவின் வீச்சுவலையையும் கழற்றிக் கொண்டுபோனார். களப்பில் மீன் குறைந்திருந்த நேரம், அப்பா கூலிவேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், வலையைத் தேடமாட்டார். அது மணக்கும் என்று ஆக அடியில் போட்டார். கை பழகப் பழக அம்மாவுக்கு உற்சாகம் கூடிவிட்டது. கண்ணில் பட்டதெல்லாம் உள்ளே போனது. இரண்டு குடைகள், தேத்தண்ணி வடி, என் பள்ளிக்கூடச் சப்பாத்து எல்லாம்.

நாங்கள் உள்ளே வந்தபோது மண்டபம் வேறு யாருடையதோ போல இருந்தது. வெள்ளைத்துணியை மடிப்பு மடிப்பாகப் பிடித்து ஊசி குத்தியிருந்தார். அப்பா சுவருக்குச் சுவர் நடந்து பார்த்தார். சித்தப்பா ஒருதரம் இருமினார், அது எதிரொலித்தது. எல்லாரும் சிரித்தோம்.

மாதா வந்தார். மூப்பர் சுரூபத்தைப் பீடத்தில் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து, "உங்கட வீடு இவ்வளவு பெரிசே பிள்ளை?" என்று கேட்டார். சனம் முழுவதும் முழங்காலில் நின்றும் இடம் மிஞ்சியது. அம்மா அன்றைக்குச் செபமாலையில் எத்தனையாவது மணியில் நிற்கிறோம் என்பதையே மறந்துபோனார். ஒரு வருடத்து மனக்குறை ஒரு பின்னேரத்தில் தீர்ந்த முகம்.

செபம் முடிந்து சனம் போகத் தொடங்க, மழையும் தொடங்கியது.

மாரியின் முதல் மழை சொல்லிவிட்டு வராது என்பார்கள். வந்த மழை விடவில்லை. மாதா அடுத்துப் போகவேண்டிய வீடு ஒழுங்கையின் பள்ளத்தில் இருந்தது. வீட்டுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர். மறுநாள் மூப்பர் தலையில் உரப்பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து, தண்ணீர் வற்றும்வரை மாதா இங்கேயே நிற்கட்டும், பின்னேரங்களில் வரக்கூடிய ஆட்கள் வந்து செபிப்போம் என்றார். அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஓர் இரவுக்கு வரமாட்டாத மாதா இப்போது போகமாட்டேன் என்று நிற்கிறாரே. அம்மாவுக்குச் சந்தோசம் தலைக்கேறி, மூப்பரை நனையாமல் போகச் சொல்லிக் குடை எடுக்கத் திரும்பினார். அப்போதுதான் இரண்டு குடைகளும் மாதாவின் காலடியில் கிடப்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. மழைத் தண்ணீர் களப்புக்குள் இறங்கினால் இறால் பாயும். சில நாட்கள்தான். அந்தச் சில நாட்கள்தான் எங்கள் வருடத்தைத் தூக்கி நிறுத்துவது. அப்பா முற்றத்துக் கொய்யாவைப் போய்ப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மாதாவைப் பார்த்தார்.

"இஞ்ச பாரும், மூப்பரிட்டச் சொல்லி ஒருக்கா எடுப்பிச்சா என்ன?" என்றார் அப்பா.

"என்னெண்டு சொல்லுறது? மீன்வலைக்கு மேலயும் உடைஞ்ச வாளிக்கு மேலயும் மாதாவை ஏத்தி வைச்சனாங்கள் எண்டோ? ஊர் சிரிக்கும். நீங்கள் கொஞ்சம் பொறுங்கோ, தண்ணி வத்தும்."

தண்ணீர் வற்றவில்லை. மற்ற ஆண்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலால் களப்புக்குப் போனார்கள். பறி நிறைய இறாலோடு திரும்பினார்கள். நீ வரவில்லையா என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றார். அந்த நாட்களில் இரவல் வலை கேட்பதும் இரவல் கை கேட்பதும் ஒன்றுதான், அதனால் அவர் கேட்கவுமில்லை. பக்கத்துப் பலகையைக் கழற்றலாமா என்று சித்தப்பாவிடம் இரகசியமாகக் கேட்டார். சூறாவளிக்கும் அசையாத மாதிரி அறைந்திருக்கிறேன் அண்ணை என்று சித்தப்பா பெருமையாகச் சொன்னார். தவிர, மாதாவின் காலுக்குக் கீழே யார் சுத்தியலால் அடிப்பது?

ஆகவே அப்பா பீடத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளைத்துணியின் அடி மடிப்பையே பார்த்துக்கொண்டிருப்பார். செபத்துக்கு வந்த பெண்கள் இதைக் கண்டு உருகிப்போனார்கள். அண்ணை முந்தி கோவில் வாசலோடு நிற்கிறவர், இப்போது மாதாவை விட்டு எழும்புவதேயில்லை, மாதா வந்து தங்கிச் செய்த புதுமை இதுதான் என்று பக்கத்து வீட்டு மாமி ஊரெல்லாம் சொன்னார். எனக்கு நெஞ்சு பதைக்கும். வலை மணக்கத் தொடங்கினால்? மழைக்குள் கரப்பான் ஒன்று துணிக்குள்ளிருந்து வெளிக்கிட்டால்? செருப்போடு பள்ளிக்கூடம் போனதற்கு ரீச்சர் ஏன் என்று கேட்டால், நான் என்ன, மாதாவையா கைகாட்டுவது?

இப்படி இரண்டு மூன்று நாள் போனது. அடுத்த பின்னேரமும் மழைதான். செபமாலை முடிந்து, மன்றாட்டுக்கு வந்தோம். யாருக்கு என்ன தேவையோ அதை வாய்விட்டுச் சொல்லலாம், சொல்லி முடிய எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வோம். ஒருவர் காய்ச்சலாய்க் கிடக்கிற பிள்ளைக்காகச் சொன்னார். மூப்பர் மழை ஓய வேண்டும் என்று சொன்னார். இனி ஆராவது, என்று அவர் சுற்றிப் பார்த்தபோது, ஒருநாளும் சபையில் வாய் திறக்காத அப்பா தொண்டையைச் செருமினார்.

"மாதாவே, நான் பெரிசா ஒண்டும் கேக்கேல்ல. உங்கட காலுக்குக் கீழ என்ர வீச்சுவலை கிடக்குது. களப்பில இறால் பாயுது. நீங்களும் வைச்ச இடத்தில நிக்கிறியள், நானும் இருந்த இடத்தில இருக்கிறன். வலையை எடுக்க எனக்கொரு வழி காட்ட வேணுமெண்டு உம்மை மன்றாடுகிறோம்."

"எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சனம் பழக்கத்தில் ஒரே குரலாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தது.

மூப்பர் அம்மாவைப் பார்த்தார். அம்மா நிலத்தைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வலையே கிடக்குது பிள்ளை?"

அம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

"அதுக்கென்ன. அவாவின்ர மகனோட திரிஞ்ச ஆக்களும் வலைக்காரர்தானே" என்றார் மூப்பர். ஒரு பாட்டு எடுக்கச் சொல்லிவிட்டு, சிலுவை போட்டு, சுரூபத்தைத் தூக்கினார். யாரிடம் கொடுப்பது என்று பார்த்தார். எல்லார் கையிலும் பிள்ளையோ மெழுகுதிரியோ இருந்தது. "பிடி பிள்ளை" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

அம்மா இரண்டு கையாலும் மாதாவை அணைத்துக்கொண்டு நின்றார். ஒன்றையும் மறைக்க முடியாது, ஒருவரையும் தடுக்க முடியாது. ஒரு முழுப் பகலாகக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் ஒளித்ததெல்லாம் அவர் கண் முன்னாலேயே வெளியே வரத் தொடங்கியது. வலை ஆக அடியில் அல்லவா.

சித்தப்பா மூடியைத் தூக்கி, எடுத்து எடுத்துக் கொடுத்தார். குடைகள் வந்தன. சப்பாத்து வந்தது. சட்டிகள் வந்தன, அவற்றுக்குப் பொருந்தாத மூடிகள் வந்தன. பாட்டு மெல்ல மெல்லத் தேய்ந்து சிரிப்பாக மாறியது.

"எணேய், இது என்ர இடியப்ப உரல்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "நான் துலைஞ்சுபோச்செண்டு புதுசு வாங்கிப்போட்டன்."

"தாறதுக்கெண்டுதான் எடுத்து வைச்சனான் அக்கா" என்றார் அம்மா, மாதாவின் தோளுக்குப் பின்னாலிருந்து.

"ஓமோம், பத்திரமாத்தான் வைச்சிருக்கிறாய். மாதாவையே காவலுக்கு விட்டிருக்கிறாய்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. மூப்பரும் சிரித்தார். அம்மாவும் சுரூபத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

கடைசியில், வலைக்கு மேலே ஒரு கறுப்புப் பை இருந்தது. சித்தப்பா அதை ஒரு பக்கத்தால் பிடித்துத் தூக்க, பையின் சிப் பிரிந்து வாய் திறந்துவிட்டது. உள்ளே இருந்தவை நிலத்தில் கொட்டின. முதலில் விழுந்தது என் ரோசாப்பூச் சட்டை. உயிர்த்த ஞாயிறுக்கு வாங்கி ஒரே ஒருதரம் போட்டது, பிறகு கண்ணில் படவேயில்லை. பிறகு அப்பாவின் சாரம் ஒன்று, அம்மாவின் உடுப்பு ஒரு சோடி, பொலித்தீனில் சுற்றிய பத்திரங்கள், ஒரு ரோச் லைற், மெழுகுதிரி, நனையாமல் கட்டிய நெருப்புப்பெட்டி, காய்ச்சல் குளிசை, உடைக்காத பிஸ்கற் பெட்டி ஒன்று.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பயணத்துக்கு அடுக்கி வைத்த பை. எனக்குச் சொல்லாமல் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"எங்கயம்மா போகப்போறம்? மடுக்கோவிலுக்கோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. மாமி குனிந்து என் சட்டையை எடுத்தார். உதறி, மடித்து, மடிப்பைக் கையால் தடவினார்.

"என்ர பை அலுமாரிக்கு மேல கிடக்கு" என்றார்.

"எங்கட கதவுக்குப் பின்னால கொழுவியிருக்கு" என்றார் இன்னொருவர்.

மூப்பர் மெழுகுதிரியை எடுத்துப் பார்த்துவிட்டு, தன்ர மனிசியும் வருசத்துக்கு வருசம் பையை மாத்திக் கட்டுறவ என்றார். அம்மாவின் கையிலிருந்து சுரூபத்தை வாங்கி, வலையை வெளியே எடுத்து மூடியைச் சாத்தியதும் பீடத்தில் பழையபடி வைத்தார்.

அம்மா, "அக்கா, அந்தப் பிஸ்கற்றை உடையுங்கோ. நான் எல்லாருக்கும் தேத்தண்ணி வைக்கிறன்" என்றார். வடியும் கிடைத்துவிட்டதுதானே.

அப்பா தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார். குடை கிடைத்திருந்தும் எடுக்க மறந்துபோனார். அடுத்த நாள் எங்கள் வீட்டில் இறால் மணத்தது. மூப்பர் வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் நான்தான் பங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். மழை ஓய்ந்து, மாதா ஒழுங்கைப் பள்ளத்து வீட்டுக்குப் போன பிறகு, அயலில் உள்ள பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். சித்தப்பாவுக்குக் கொஞ்சக் காலம் ஓய்வே இல்லை. எல்லாரும் கதவை முன்னுக்கு வைக்கச் சொன்னார்கள்.

சண்டை முடிந்தபோது நான் கைக்குழந்தை. அந்தப் பையில் முதல் முதல் என் அரைத்துண்டுகளும் பால்மாவும் இருந்திருக்கும். நான் நடக்க, பள்ளிக்கூடம் போக, கைகால் நீள, அம்மா ஒவ்வொருமுறையும் பழையதை எடுத்துவிட்டு என் அளவுக்கு வேறொன்று வைத்திருக்கிறார். எல்லாம் முடிந்து, கல்வீடு கட்டிக் குடியிருந்த பிறகும், திரும்ப ஓட வேண்டி வந்தால் என்று, என் உடுப்பு அந்தப் பைக்குள் என்னோடு சேர்ந்து வளர்ந்திருக்கிறது. இதெல்லாம் நான் பிறகு, அம்மாவின் உயரத்துக்கு வளர்ந்த பிறகு விளங்கிக்கொண்டது.

அன்றைக்கு இதொன்றும் எனக்கு விளங்கவில்லை. பெண்கள் பிஸ்கற்றை ஏன் இவ்வளவு மெதுவாகச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. மாமி தன்னுடையதைத் தேத்தண்ணியில் தோய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் என்னுடையதைக் கடித்தேன். பைக்குள் கிடந்தது என்று சொல்ல முடியாது. பதம் போகாமல், நேற்று வாங்கியது போல மொறுமொறுவென்று இருந்தது. அம்மா நல்ல கடையாகப் பார்த்து வாங்கியிருக்கிறா என்று நினைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குக் கை நீட்டினேன்.